துளைக்கு ஏற்ற பிஸ்டன்

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டிராயிங் ஆபீசில் வேலை பார்த்தவன் நான். தண்டுக்கு இவ்வளவு, துளைக்கு இவ்வளவு என்று மைக்ரான் கணக்கில் எண் போட்டு, கையெழுத்திட்டு ஷாப்புக்கு அனுப்புவதுதான் பிழைப்பு. 20 எச்7 என்று எழுதினால் துளை 20.000 மி.மீ.க்கும் 20.021 மி.மீ.க்கும் நடுவில் நிற்க வேண்டும். தாண்டினால் அந்தப் பாகம் கழிவு. அந்த எண்களை நான் நேசித்தேன், இன்றும் நேசிக்கிறேன். ஆனால் நான் எழுதிய ஒரு எண்ணைக்கூட என் விரலால் தொட்டுப் பார்த்ததில்லை என்ற ஏக்கம் உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. வீட்டில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகு கார் ஷெட்டில் பழைய நாலரை அடி லேத் ஒன்றை இறக்கியதற்கு அதுதான் காரணம்.

செய்ய எடுத்துக்கொண்டது ஒரு சின்ன ஹாட் ஏர் எஞ்சின். ராபர்ட் ஸ்டர்லிங் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1816-ல் காப்புரிமை வாங்கிய வகை. கொதிகலன் கிடையாது, நீராவி கிடையாது, வால்வும் கிடையாது. ஒரு முனையை ஸ்பிரிட் விளக்கில் சூடாக்க வேண்டும், மறுமுனை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். டிஸ்பிளேசர் என்ற உருளை உள்ளே அடைபட்ட காற்றைச் சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் மாற்றி மாற்றித் தள்ளும். காற்று விரிந்து சுருங்குவதில் பவர் பிஸ்டன் ஏறி இறங்கும். இரண்டும் கால் சுற்று முன்பின்னாக ஓடும்படி கிராங்கில் கட்டிவிட்டால் சக்கரம் சுற்றும். காகிதத்தில் இவ்வளவுதான்.

கஷ்டம் பிஸ்டனில் இருக்கிறது. ஸ்பிரிட் விளக்கு தரும் வலு மிகக் கொஞ்சம். பிஸ்டனுக்கு ரிங் போட்டால் அந்த உராய்வே எல்லாவற்றையும் தின்றுவிடும். ரிங் இல்லாமலே காற்று கசியக்கூடாது, அதே சமயம் பிஸ்டன் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். 20 மி.மீ. சிலிண்டரில் இதற்கு வேண்டிய இடைவெளி சில மைக்ரான்தான். என் லேத்தோ சக்குக்குப் பக்கத்தில் பெட் தேய்ந்தது, கிராஸ் ஸ்லைடு ஸ்குரூவில் ஆட்டம் உள்ளது. அதன் டயலை நம்பி மைக்ரான் பேச முடியாது.

எங்கள் கம்பெனி ஷாப்பில் டர்னராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். என் வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு பிஸ்டனின் விட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இந்த நம்பரை அடிச்சிருங்க சார். உங்க லேத்து நம்பர் சொல்லாதுங்க. சிலிண்டரை முதல்ல முடிங்க. அப்புறம் அந்தச் சிலிண்டர்தான் உங்களுக்கு கேஜு" என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது என் தொழிலின் அடித்தளத்தையே தொடுகிற பேச்சு. கம்பெனியில் டாலரன்ஸ் எதற்கு? இங்கே செய்த பம்புக்கு வேறு ஊரில் வாங்கிய ஸ்பேரும் பொருந்த வேண்டும் என்பதற்காக. என் ஷெட்டில் இருப்பது ஒரே ஒரு சிலிண்டர், ஒரே ஒரு பிஸ்டன். சிலிண்டர் 20.00 ஆக இருந்தால் என்ன, 20.13 ஆக இருந்தால் என்ன? அது வட்டமாக, நேராக, தலை முதல் கால் வரை ஒரே அகலமாக இருந்தால் போதும். பிஸ்டன் அதற்கு மட்டும் பொருந்த வேண்டும். மிஷினின் துல்லியம் இல்லாத இடத்தை வேலையின் வரிசை நிரப்பிவிடும். வீட்டுப் பட்டறையின் சூட்சுமம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் விதி, ஒரே பிடி. த்ரீ ஜா சக்கில் ஒரு பாகத்தைக் கழற்றி மாட்டினால் அது பழைய மையத்துக்குத் திரும்பாது. என்னுடையது போன்ற பழைய சக்கில் தாராளமாகவே விலகும். ஆகவே எந்தெந்தப் பரப்புகள் ஒரே மையத்தில் ஓட வேண்டுமோ அவற்றை ஒரே மாட்டலில் முடித்துவிட வேண்டும். சிலிண்டரின் வெளிவிட்டம், உள் துளை இரண்டும் அப்படித்தான். காஸ்ட் அயர்ன் கம்பியில் முதலில் டிரில், பிறகு போரிங். போரிங் பார் எவ்வளவு தடிமனாக, எவ்வளவு குட்டையாக வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் அது வளையும். கடைசி வெட்டு முடிந்ததும் டயலைத் தொடாமல் அதே இடத்தில் மறுபடி ஓட்டிப் பாருங்கள், இன்னும் கொஞ்சம் தூள் வரும். வளைந்திருந்த பார் நிமிர்ந்து விட்டுவைத்ததை எடுக்கிறது. தூள் நிற்கும்வரை ஓட்ட வேண்டும்.

அதன் பிறகு லேப்பிங். எஞ்சின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. சிலிண்டரைவிட மென்மையான உலோகத்தில், தாமிரத்திலோ அலுமினியத்திலோ, ஒரு கம்பியைக் கடைந்து, நடுவில் பிளந்து, உள்ளே ஒரு டேப்பர் ஸ்குரூ போட்டு விரிக்கும்படி செய்துகொள்ள வேண்டும். எமரித் தூளை எண்ணெயில் குழைத்து அதில் தடவினால் தூள் மென்மையான உலோகத்தில் பதிந்துகொள்ளும், கடினமானதைத் தேய்க்கும். இந்த லேப்பைச் சக்கில் மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் சுற்றவிட்டு, சிலிண்டரைக் கையில் பிடித்து முன்னும் பின்னும் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும்.

முதலில் கை தடுமாறும். ஒரு இடத்தில் இழுக்கும், அடுத்த அங்குலத்தில் விட்டுவிடும். இழுக்கிற இடம் துளை ஒடுங்கிய இடம். அங்கே சற்று அதிகம் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க இழுப்பு பரவிச் சமமாகும், கரகரப்பு மெல்லிய உரசலாக மாறும். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கைக்கு ஒரே மாதிரி இழுப்பு தெரியும்போது துளை நேராகிவிட்டது. அந்த இடத்தில் எந்த மைக்ரோமீட்டரையும்விட உள்ளங்கை நன்றாகச் சொல்கிறது. வாய்ப் பக்கம் மட்டும் துளை கொஞ்சம் விரிந்துபோகும், தடுக்க முடியாது. அதனால்தான் சிலிண்டரை இருபுறமும் சில மி.மீ. நீளமாகவே விட்டு வைப்பது. லேப்பிங் முடிந்ததும் சிலிண்டரைத் துளை வழியாக ஒரு மேண்ட்ரல் தண்டில் ஏற்றி, இரண்டு முகத்தையும் கடைந்தால் விரிந்த வாய் போய்விடும், முகமும் துளைக்குச் சரியான செங்குத்தாக அமையும். பிறகு மண்ணெண்ணெய், சோப்புத் தண்ணீர், வெள்ளைத் துணி. துணியில் சாம்பல் நிறம் தெரிகிற வரை கழுவல் ஓயாது. ஒட்டியிருக்கும் எமரி எஞ்சினைத் தின்றுவிடும்.

ஜேம்ஸ் வாட்டுக்கும் சிலிண்டர்தான் பிரச்சினை. தன் நீராவி எஞ்சினுக்கு 1769-ல் வாங்கிய காப்புரிமை கையில் இருந்தும், நீராவி கசியாத சிலிண்டர் கிடைக்காமல் துணி, காகிதம், பழைய தொப்பி என்று எதையெல்லாமோ வைத்து அடைத்துப் பார்த்தார். ஜான் வில்கின்சன் 1775 வாக்கில் சிலிண்டர் குடையும் மிஷினைச் செய்த பிறகுதான் விமோசனம். 50 அங்குல விட்டத்தில் பிழை ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்தைத் தாண்டவில்லை என்று வாட்டின் கூட்டாளி போல்டன் பூரித்து எழுதினார். அந்தப் பூரிப்பு எனக்கு முழுக்கப் புரிகிறது.

பிஸ்டனிலும் வரிசைதான் எல்லாம். அதே காஸ்ட் அயர்னில் செய்ய வேண்டும். எடை குறையுமே என்று அலுமினியத்துக்கு ஆசைப்படத் தோன்றும். ஆனால் அலுமினியம் காஸ்ட் அயர்னைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 20 மி.மீ. விட்டத்தில் 50 டிகிரி சூடு ஏறினால் வித்தியாசம் 12 மைக்ரான் வரும். நாம் விட்ட இடைவெளியே அவ்வளவு இல்லை, பிஸ்டன் இறுகி நின்றுவிடும். முதலில் உள்ளே குடைந்து, சக்கோடு கழற்றி டிரில்லிங் மிஷினில் வைத்து பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கட்ஜன் பின்னுக்கான துளையையும் போட்டுவிட வேண்டும். வெளிவிட்டம் கடைசியில். முன்பே முடித்துவிட்டுக் குடைந்தால் மெல்லிய சுவர் கோணிக்கொள்ளும். கம்பியிலிருந்து அறுக்காமலே சிலிண்டரை அதன் மேல் போட்டுப் போட்டுப் பார்த்து, நுனி மட்டும் ஏறுகிற பதத்தில் டூலை நிறுத்திவிட்டு, மீதியை வளைய லேப்பால் தேய்க்க வேண்டும். பிஸ்டனைச் சிலிண்டருக்குள்ளேயே எமரி போட்டுத் தேய்த்தால் சீக்கிரம் ஏறத்தான் செய்யும். ஆனால் இரண்டும் சேர்ந்து தேய்ந்து துளையின் வாய் மறுபடி விரிந்துவிடும். அந்தக் குறுக்குவழியைத் தொடவே கூடாது.

சோதனை எளிது. இரண்டையும் துடைத்து, சிலிண்டரை நட்டுக்குத்தாகப் பிடித்து, அடியை விரலால் அடைத்து, மேலிருந்து பிஸ்டனை விடுங்கள். அது காற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு, கண்ணுக்கே தெரியாத அளவு மெதுவாகக் கீழே இறங்கும். விரலை எடுத்தால் பொத்தென்று விழும். எனக்கு அது முதல்முறை நடந்தபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் விரலை வைத்து வைத்து எடுத்துப் பார்த்தாள்.

கிராங்க் ஷாஃப்டும் இதே பாடம்தான். வெப் எனப்படும் இரண்டு பக்கத் தகடுகளையும் ஒன்றாகப் பிடித்துத் துளை போட்டு, ஒரே நீளத் தண்டை இரண்டின் வழியாகவும் விட்டு, கிராங்க் பின்னையும் சேர்த்து சில்வர் பிரேசிங் வைத்த பிறகு, நடுவில் இருக்கும் தண்டை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட வேண்டும். இரண்டு பக்கத் தண்டும் ஒரே கோட்டில் நிற்பதற்கு, அவை ஒரே தண்டாக இருந்ததைவிட வேறு உத்தரவாதம் வேண்டுமா? பால் பேரிங்குகளின் கிரீஸைக் கழுவி எடுத்துவிட வேண்டும், அந்தப் பிசுபிசுப்பைக்கூட இந்த எஞ்சின் தாங்காது. மற்ற பாகங்கள் பொறுமை மட்டுமே கேட்பவை.

எஞ்சின் ஓடுகிறது. விளக்கைக் கொளுத்திக் கொஞ்சம் காத்திருந்து, சக்கரத்தை விரலால் தட்டினால் போதும்.

அதைப் பார்க்க வந்த ஒரு பையன், ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்கிறவன், வரைபடம் கேட்டான். சுத்தமாக வரைந்து கொடுத்தேன். மறுநாள் போனில், "சார், பிஸ்டன் விட்டம் விட்டுப்போச்சுங்க" என்றான். விட்டுப்போகவில்லை, அந்த இடத்தில் 'துளைக்கு ஏற்ப' என்று எழுதியிருக்கிறேன், பார் என்றேன். சிலிண்டரை முடித்துவிட்டு எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். பிஸ்டனை என் லேத்திலேயே போடலாம்.