நாள்பட்டது

அம்மாவின் சிறுநீரக ஸ்கேன் ரிப்போர்ட்டை லேப் வாசலிலேயே பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக் கூடாது. கடைசி வரியில் 'க்ரானிக்' என்றிருந்தது. "என்னடா போட்டிருக்கு?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, டாக்டர்கிட்ட காட்டணும், அவ்வளவுதான்" என்றேன். ஆட்டோவில் வரும்போது நான் வாயே திறக்கவில்லை. அதிலேயே அவளுக்குப் புரிந்திருக்கும்.

டாக்டர் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "க்ரானிக்னா முத்திப்போச்சுன்னு அர்த்தமில்ல சார். மூணு மாசத்துக்கு மேல இருக்குன்னு அர்த்தம். உப்பைக் குறைங்க, பிரஷரைப் பாத்துக்குங்க."

க்ரோனோஸ் என்றால் கிரேக்கத்தில் காலம். க்ரோனோமீட்டரும் இதே குடும்பம்தான். ஆக, இந்தச் சொல் நாளைத்தான் எண்ணுகிறது, ஆபத்தை அளப்பதில்லை. எத்தனை நாள் என்பதில்தான் நோய்க்கு நோய் கணக்கு மாறும். வயிற்றுப்போக்குக்கு 4 வாரம், தோல் தடிப்புக்கு 6 வாரம், வலிக்கு 3 மாதம். மூச்சுக்குழாய் அழற்சிக்கு இந்தப் பெயர் கிடைக்க, வருஷத்துக்கு 3 மாதம் வீதம் அடுத்தடுத்து 2 வருஷம் சளியோடு இருமியிருக்க வேண்டுமாம். பென்ஷனுக்கு சர்வீஸ் பார்ப்பது போலத்தான்.

மாரடைப்பு இந்தப் பட்டியலிலேயே வராது. அது திடீரென்று வருவது. பயப்படுவதென்றால் அதற்கல்லவா பயப்பட வேண்டும்?

பயந்தவன் நான் மட்டுமில்லை என்பதில் ஓர் ஆறுதல். இங்கிலாந்துக்காரர்களே பேச்சில் படுமோசமான எதையும் க்ரானிக் என்பார்கள். மட்டமான நாடகமும் க்ரானிக்தான். அமெரிக்காவிலோ அது உயர்ரகக் கஞ்சாவுக்குப் பட்டப்பெயர். 1992இல் டாக்டர் ட்ரே தன் ராப் ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைத்தார். அவரும் டாக்டர்தான், பெயரில்.

க்ரானிக் நோயைத் தமிழில் 'தீராத நோய்' என்று எழுதுகிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். அது தீர்ப்பு. 'நாள்பட்ட' என்பதில் அந்தத் தீர்ப்பு இல்லை. நாள்பட்ட கறை, நாள்பட்ட கடன், நாள்பட்ட பகை என்று வீட்டில் புழங்கும் சொல் அது. கறை போகவும் செய்யலாம், போகாமலும் இருக்கலாம்.

அம்மாவிடம் அந்தச் சொல்லில்தான் சொன்னேன். "நாள்பட்டதா? உங்கப்பா கோபத்தை விடவா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். சாயங்காலம் பார்த்தால், நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி என் கை எட்டாத மேல்தட்டில் இருந்தது. அவள் கைக்கு எட்ட, பக்கத்திலேயே ஒரு முக்காலி.