பக்கத்துக் கட்டில்

தங்கை மகளுக்குக் கோயம்புத்தூரில் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர். வாளி, கொசுவலை, பூட்டு என்று அம்மாவும் மகளும் உட்கார்ந்து போட்ட பட்டியலின் கடைசியில் ஒரே ஒரு பொருளை என் கணக்கில் எழுதி வைத்திருந்தாள்: ஹெட்போன்.

"மாமா, நீங்கதான் வாங்கித் தரணும். நல்லா பாஸ் வரணும்" என்றாள்.

"வாங்கலாம்மா. உன் ரூம்ல மத்த ரெண்டு பேரும் எத்தனை மணிக்குத் தூங்குவாங்க?"

அவர்களுடைய பெயர்கூட அவளுக்கு இன்னும் தெரியாது. ஹெட்போனுக்கும் அவர்கள் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோலப் பார்த்தாள். 2009-இல் யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

அப்போது சென்னையில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த பெரியப்பா மகன் ஊருக்கு வந்தபோது ஒரு ஹெட்போன் கொடுத்துவிட்டுப் போனார். காதை முழுதாக மூடும் பெரிய கிண்ணங்கள். வெளிப்பக்கம் சல்லடை போலத் துளைகள். அதை மாட்டிக்கொண்டு இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேட்ட முதல் இரவு இன்னும் நினைவிருக்கிறது. 1986-இல் வந்த இசைத்தொகுப்பு. வீட்டில் கேசட்டில் எத்தனையோ முறை கேட்டதுதான். ஆனால் வி.எஸ். நரசிம்மனின் வயலின் தலைக்குள் இல்லாமல் தலைக்கு வெளியே, காற்றில் நின்று ஒலித்ததை அன்றுதான் கேட்டேன். ஏறக்குறைய இரண்டு மாதம் தினமும் படுக்கும் முன் கேட்டேன்.

என் ரூம்மேட் பரமக்குடிக்காரன். அரசுத் தேர்வுக்காக விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து படிப்பான். எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இரண்டடி இருக்கும். ஒருநாள் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அவன் சாதாரணமாகச் சொன்னான்: "நீ கேட்பியே, ஒரு வயலின். அது முடிஞ்சதும் லைட்டை அணைச்சிருவ. அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வரும்."

குறையாகச் சொல்லவில்லை. அந்த வயலின் முடிவதற்காக அவன் காத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறான், இரண்டு மாதமாக. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. "ஏண்டா சொல்லல?" என்றேன். "நீ மாட்டிக்கிட்டுத்தானே கேக்குற. அதுக்கு மேல என்ன சொல்றது?" என்றான்.

மாட்டிக்கொண்டால் மற்றவர்களுக்குக் கேட்காது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். பிறகுதான் விவரம் தேடிப் படித்தேன். ஹெட்போனுக்குள் அதிரும் மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது. காதை நோக்கி எவ்வளவு ஒலி போகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு ஒலி பின்பக்கமும் போகிறது. துளை போட்ட திறந்த வகையில் அந்தப் பின்பக்க ஒலி அறைக்குள் வந்துவிடும். அதுவும் முழுப் பாட்டாக வருவதில்லை. தாழ்ந்த சுரங்களில் முன்ஒலியும் பின்ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் பாஸ் போய்விடுகிறது. மிஞ்சுவது வயலினின் மேல்தந்தியும் ஜால்ராச் சத்தமும்தான். நான் விருந்து சாப்பிட்டேன். பக்கத்துக் கட்டிலுக்குப் போனது எலும்பு மட்டும்.

இப்படித் திறந்துவிட்ட ஹெட்போன் ஒன்றும் ஆதியிலிருந்து இருந்ததில்லை. 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தியபோது அது மூடிய வகைதான். 1968-இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற மாடலில்தான் பின்பக்கத்தைத் திறந்துவிட்டது. பாட்டு விசாலமாகக் கேட்கும் என்பது உண்மை. தனி அறையும் கதவும் உள்ளவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது என்றே இன்றும் சொல்வேன். மூன்று கட்டில் போட்ட அறையில் அது கூடாது.

மருமகளைச் சென்னை ரிச்சி தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூடிய வகை என்று கேட்டதும் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது சுற்றுச்சத்தத்தை மின்னணுவால் அழிக்கும் ப்ளூடூத் ஹெட்போன்கள். நல்ல பொருள்கள்தான், ஃபேன், ஏசி, ரயில் போன்ற ஒரே சீராக இரையும் தாழ்ந்த ஒலியை அவை அருமையாகக் குறைக்கும். ஆனால் பக்கத்தில் ஒருத்தி போனில் பேசினால் அந்தக் குரலை அதே அளவுக்குக் குறைப்பதில்லை. சார்ஜ் வேறு போட வேண்டும். மூன்று பேருக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட் இருக்கும் அறையை நான் பார்த்திருக்கிறேன். கம்பி உள்ளதே போதும் என்று முடிவு செய்தோம். அவள் போனில் ஹெட்போன் ஜாக் இல்லை. அதற்குச் சின்ன அடாப்டர் ஒன்று வாங்கிக்கொண்டோம்.

கடைசியில் மேசைமேல் மூன்று இருந்தன. சோனியின் எம்.டி.ஆர். 7506, 1991-இலிருந்து ஸ்டுடியோக்களில் புழங்கும் மாடல். குரல் அவ்வளவு தெளிவாகக் கேட்கும். வகுப்பு வீடியோ பார்ப்பவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கித் தரலாம். ஆனால் அதன் சுருள் கம்பி கழற்ற முடியாதது. பேயர்டைனமிக் நிறுவனத்தின் டி.டி. 770 ப்ரோவில் 80 ஓம் மின்தடை உள்ள வகைக்கு வெல்வெட் போன்ற துணி மெத்தை. நம் ஊர் வெயிலில் காது வேகாது. இதே மாடல் 250 ஓம் வகையிலும் வருகிறது. அதைப் போனில் செருகினால் சத்தம் போதாது. தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டும். 80 ஓம் வகையிலும் மூன்று மீட்டர் கம்பி, அதுவும் நிரந்தரமாக இணைத்தது. கட்டில் காலில் சுற்றிக்கொள்ளும், நடப்பவர் காலிலும் மாட்டும். விடுதியில் முதலில் சாவது கம்பிதான். அதனால் கம்பியைக் கழற்றி மாற்றக்கூடிய ஆடியோ டெக்னிகா ஏ.டி.எச். எம்40எக்ஸ் என் கைக்கு வந்தது. 35 ஓம்; போனே போதும். ஒரு பக்கக் கிண்ணத்தைத் தொண்ணூறு டிகிரி திருப்பி ஒரு காதைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். அந்த வசதிதான் என் முடிவைத் தீர்மானித்தது. மூடிய ஹெட்போன் மாட்டிய பெண் அறையிலிருந்தே காணாமல் போய்விடக் கூடாது. கூட இருப்பவளுக்கு நடுராத்திரியில் காய்ச்சல் வந்து கூப்பிட்டால் காதில் விழ வேண்டும்.

ஆனால் மருமகள் கண்ணாடி போடுகிறவள். இதை மறந்து வாங்குகிறவர்கள் நிறையப் பேர். மூடிய ஹெட்போனில் பாஸ் என்பது மெத்தை காதைச் சுற்றி இடைவெளியில்லாமல் அணைவதைப் பொறுத்தது. கண்ணாடியின் காம்பு நடுவில் புகுந்து இடைவெளி விட்டால் பாஸ் இறங்கும். இறங்கினால் சத்தத்தைக் கூட்டுவோம். கூட்டினால் அந்த இடைவெளி வழியாகவே வெளியே கசியும். கடையிலேயே கண்ணாடியோடு மாட்டச் சொல்லி, காம்பை விரலால் கொஞ்சம் தூக்கியும் இறக்கியும் கேட்கச் சொன்னேன். "தூக்கினா பாஸ் குறையுது மாமா" என்றாள். மெல்லிய காம்புள்ள பழைய கண்ணாடியை ராத்திரிக்கு வைத்துக்கொள்வதாக அவளே தீர்மானித்தாள்.

அந்த ஹெட்போனின் செயற்கைத் தோல் மெத்தையைப் பற்றியும் சொல்லி வைத்தேன். நம் ஊர் ஈரக்காற்றிலும் வியர்வையிலும் சில வருடங்களில் அது செதில் செதிலாக உரிந்து கழுத்திலும் காலரிலும் கறுப்பாக ஒட்டும். கேட்டு முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும்; உரிய ஆரம்பித்தால் மெத்தையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ரிச்சி தெரு இரைச்சலில் கசிவைச் சோதிக்க முடியாது. அதை இரவு வீட்டில் செய்தோம். தங்கையைக் கட்டிலில் படுக்க வைத்து, இரண்டடி தள்ளி மகளை உட்கார வைத்து, ஃபேனை நிறுத்தினேன். முதலில் அவள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் வைத்தாள். "டிஸ்கு டிஸ்குன்னு கேக்குது" என்றாள் தங்கை. மூடிய வகையிலும் கசியும். குறைவாகக் கசியும், அவ்வளவுதான். ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். தங்கை "இப்ப ஒண்ணும் கேக்கல" என்று சொன்ன இடத்தில் நிறுத்தி, அந்த அளவை மகள் தன் போனிலேயே குறித்து வைத்தாள். அந்த அளவிலும் பாட்டு குறையில்லாமல் கேட்டது, ஏனென்றால் வெளிச்சத்தமும் உள்ளே வரவில்லை.

அவள் காதுக்கும் அதுதான் நல்லது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். மெஸ் சத்தத்தையும் காரிடார் சத்தத்தையும் அமுக்குவதற்காகப் பாட்டைக் கூட்டிக் கூட்டி வைக்கும் பிள்ளைகள் இந்தப் பத்து டெசிபலை அறியாமலே தாண்டிவிடுகிறார்கள். மூடிய ஹெட்போன் கூட்ட வேண்டிய அவசியத்தையே குறைக்கிறது.

அந்தப் பரமக்குடிக்காரன் இப்போது அரசு வேலையில் இருக்கிறான். விஷயம் தெரிந்த அன்று இரவே அந்த ஹெட்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். மறுவாரம் அவன் மிகவும் தயங்கி, "அந்த வயலினை எனக்கு ஒருதரம் போட்டுக் காட்டுறியா?" என்று கேட்டான். எடுத்து அவன் தலையில் மாட்டிவிட்டேன். முடியும்வரை அசையாமல் கேட்டான். இரண்டடி தள்ளி என் கட்டிலில் படுத்திருந்த நான், அவன் இரண்டு மாதமாகக் கேட்டது என்ன என்பதை அன்றுதான் கேட்டேன்.

விடுதிக்குப் போகும் பிள்ளைகளே, எந்த ஹெட்போன் வாங்கினாலும் முதல் நாள் இரவு அதை உங்கள் ரூம்மேட் தலையில் மாட்டி, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் வைத்துவிட்டு, அவர் கட்டிலில் போய் ஐந்து நிமிடம் படுத்துப் பாருங்கள்.