பினாங்கில் இரண்டு நாட்கள்

யாழ்ப்பாணத்தில் முன்பு "மலாயன் பென்சனியர்" என்று சிலரைச் சொல்வார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் அவர்கள். திரும்பாமல் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களும் உண்டு. அப்படியொரு குடும்பத்தில் பிறந்த என் மச்சாள்தான் என்னைப் பினாங்குக்குக் கூட்டிச் சென்றார்.

கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை புகையிரதம். பிறகு கால் மணித்தியாலம் போலக் கடற்பயணம். தீவில் இறங்கினால் ஜோர்ஜ் டவுன். 1786 இல் ஆங்கிலேயர் இங்கே துறைமுகம் அமைத்த பின்னர் சீனர், தமிழர், அரபியர், ஆர்மேனியர் எனப் பலரும் வந்து, மலாயரோடு சேர்ந்து வாழ்ந்த ஊர் இது. 2008 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமை நகரமாக ஏற்றது.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரியாத மொழி பேசும் கூட்டத்துக்குள் போனால் கைப்பையைத் தடவி, அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். 2009 இல் யுத்தம் முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. பினாங்கிலும் முதல் நாள் முழுவதும் கடவுச்சீட்டைத் தடவியபடியே நடந்தேன்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் வீதியில் 1818 இல் கட்டிய தேவாலயம் இருக்கிறது. சிறிது தூரத்தில் சீனரின் கருணைத் தெய்வத்தின் கோயில். வாசலில் ஊதுபத்திப் புகை கண்ணைக் கரித்தது. அடுத்த தெருவில் 1833 இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில். கோயிலால் வெளியே வந்தால், 1801 இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசல். நான்கையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிட்டோம்.

மத்தியானம் நாசி கண்டார் சாப்பிட்டோம். முன்பு தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் கறியையும் காவடிபோலத் தோளில் காவிச் சென்று துறைமுகத் தொழிலாளருக்கு விற்றார்களாம். அந்தத் தோள்தடியின் பெயர்தான் கண்டார். கூலிக்காரரின் சாப்பாடு இன்று ஊரின் பெருமை. அசாம் லக்சா என்பது, புளி விட்ட மீன் குழம்பில் தடித்த இடியப்பத்தைப் போட்டது போன்றது. மேலே அன்னாசியும் புதினாவும் தூவுகிறார்கள். நம் இடியப்பமும் அங்கே உண்டு. "புட்டு மாயம்" என்று பெயர். சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உண்கிறார்கள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கும் எங்கள் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் சீனக் குடும்பங்களின் பலகை வீடுகளுக்குப் போனோம். கடலுக்குள் தூண் நாட்டிக் கட்டியவை. பெரும்பாலான துறைகளுக்கு ஒவ்வொரு குடும்பப் பெயர். "இங்கே சண்டையே வராதா?" என்று மச்சாளிடம் கேட்டேன்.

"ஏன் வராது? 1867 இல் சீனச் சங்கங்களும் அவற்றோடு சேர்ந்த முஸ்லிம் சங்கங்களும் இந்தத் தெருக்களிலேயே வெட்டிக்கொண்டார்கள். 1941 டிசம்பரில் யப்பானியர் குண்டு போட்டார்கள். எவ்வளவு சனம் செத்தது! அதற்குப் பிறகும் சனம் கடை திறந்தது, சமைத்தது, ஒன்றாக இருந்தது" என்றார்.

இரவு தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளில் இடமில்லை. ஒரு சீனப் பாட்டி தன் மேசையைக் காட்டி இருக்கச் சொன்னார். சற்று நேரத்தில் மலாய்ப் பிள்ளை ஒருத்தியும் குளிர்பானத்தோடு வந்து அமர்ந்தாள். நான் உறைப்பில் கண்கலங்கியதைப் பார்த்துப் பாட்டி சிரித்தார். தன் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். அவர் பேசியதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. நானும் சிரித்தேன்.

எழும்பும்போதுதான் கவனித்தேன். கைப்பை பக்கத்துக் கதிரையில் கிடந்தது. ஒரு மணித்தியாலமாக நான் அதைத் தொடவே இல்லை.

ஊர் திரும்பிய பிறகு பழக்கம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் இப்போது பஸ்ஸில் வேறு மொழி பேசும் ஒரு பெண் பக்கத்தில் வந்து இருந்தால், பையைத் தடவுமுன் அவரின் முகத்தைப் பார்க்கிறேன்.