சிறுசேரியிலிருந்து கடலோரமாக

எல்லை கடந்த பயணம் என்றவுடன் கடவுச்சீட்டும் வானூர்தியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சிறுசேரியிலிருந்து புறப்பட்டுக் கடலோரமாக வேளாங்கண்ணி வரை செல்பவர், ஆட்சி எல்லையைக் குறைந்தது ஆறு முறை கடக்கிறார். கணகசெட்டிக்குளத்தில் புதுவைக்குள் நுழைகிறோம். காலாப்பட்டு கழிந்தபின் மீண்டும் தமிழ்நாடு. கோட்டக்குப்பம் முடிந்ததும் திரும்பவும் புதுவை. முள்ளோடையில் அதனை விட்டு வெளியேறி, நண்டலாற்றில் காரைக்காலுக்குள் புகுந்து, வாஞ்சூரில் வெளிவருகிறோம். இரவுப் பேருந்தில் செல்வோர் இவை அனைத்தையும் உறக்கத்திலேயே கடந்துவிடுகின்றனர். நானும் என் மனைவியும் சென்ற தை மாதக் கடைசியில் இவ்வழியை நான்கு நாள்களில் கடந்தோம்.

எனக்கு வயது எழுபத்து மூன்று, அவளுக்கு எழுபது. மேலை நாடுகளில் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் படுக்கையும் அடுப்பும் அமைந்த வீட்டு வண்டியில் மாதக்கணக்கில் ஊர் சுற்றுவதைக் கனடாவில் வாழும் எங்கள் மகன் படம் எடுத்து அனுப்புவதுண்டு. நம் பக்கத்திலும் கேரள அரசு 2021இல் இத்தகைய வண்டிச் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. எங்களுக்கோ பழைய வேன் ஒன்றே போதுமானதாயிற்று. பின் இருக்கைகளை மடக்கி, மேலே பலகை பரப்பி, இலவம்பஞ்சு மெத்தை விரித்தோம். ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இரண்டு குடம் தண்ணீர், செபமாலை, மாத்திரைப் பெட்டி. இருட்டியபின் ஓட்டுவதில்லை என்பது அவள் விதித்த நிபந்தனை. என் கண்களில் புரை நீக்கியது அவளுக்கு நினைவிருக்கிறது.

இப்பயணத்திற்குக் காரணம் ஒன்று உண்டு. பாரிஸ் நகருக்கு அருகே வாழும் அவளுடைய பெரியப்பா மகள், தொலைபேசியில் ஒரு நாள், "பாட்டியின் கல்லறை இன்னும் இருக்கிறதா, தங்கச்சி? போய்ப் பார்த்துச் சொல்," என்று கேட்டார். அந்த அம்மையாருக்கு எழுபத்தெட்டு வயது. இனிப் பயணம் செய்ய இயலாது. காரைக்கால் வீட்டை விற்றபின் என் மனைவியும் பதினெட்டு ஆண்டுகளாக அங்கே சென்றதில்லை. கவனிப்பாரற்ற பழைய கல்லறைகளின் இடம் காலப்போக்கில் வேறொருவருக்குப் போய்விடுவது பல ஊர்களில் நடப்பதே. அந்தக் கேள்விக்குப்பின் அவளுக்குச் சரியான உறக்கமில்லை.

சிறுசேரியின் கண்ணாடி மாளிகைகளைப் பின்னிட்டுக் கேளம்பாக்கத்து உப்பளங்களைக் கடந்தால் கோவளம். அங்கே கடலைப் பார்த்தபடி நிற்கும் கார்மேல் மாதா கோயில் 1808ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜான் டிமான்டே என்னும் போர்த்துக்கேய வணிகர் எழுப்பியது. காலைத் திருப்பலி கண்டு அங்கிருந்து புறப்பட்டோம். மாமல்லபுரத்தைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் அதனை விட்டுவிடுகிறேன். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையும், அதனுள் செதுக்குவேலை நிறைந்த அவர்களின் கல்லறைக் கற்களும் உள்ளன. தெற்கே கடப்பாக்கத்திற்கு அருகில் ஆலம்பரைக் கோட்டை, 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. செங்கற் சுவர்கள் உப்பங்கழி ஓரத்தில் பாதி சரிந்து கிடக்கின்றன. மீனவப் பெண்மணி ஒருவர் கோட்டை நிழலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். யார் கட்டியது என்று கேட்டதற்கு, "யாரோ வெள்ளக்காரன், இப்ப எங்களுக்கு நெழல் குடுக்குது," என்றார். மரக்காணத்து உப்புக் குவியல்களைத் தாண்டிப் புதுவையை அடையும்போது மணி நான்கு.

புதுவையில் பெட்ரோல் விலை சற்றுக் குறைவு என்பது எங்கள் வேனுக்கும் தெரியும் போலும். வரும்போதே தொட்டி வற்றியிருந்தது. அமல உற்பவ மாதா பேராலயத்தை மக்கள் 'சம்பா கோயில்' என்றே அழைக்கின்றனர். 'புனித பவுல்' என்ற பெயர் தமிழ் நாவில் உருண்டு சம்பாவாயிற்று என்பர். இவ்வுயர்மறைமாவட்டத்தின் பெயரே புதுவை–கடலூர். அரசு எல்லை குறுக்கே ஓடினாலும் ஆயர் ஒருவர்தாம். ஊருக்கு வெளியே ஒரு சிற்றூர்ப் பங்குத் தந்தையிடம் அனுமதி பெற்று ஆலய வளாகத்தில் வேனை நிறுத்தி உறங்கினோம். நம் நாட்டில் வீட்டு வண்டிகளுக்கெனத் தங்குமிடங்கள் அரிது. ஆயினும் கேட்டால் ஆலய வாயில் திறக்கிறது. கழிப்பறைச் சாவியை உபதேசியாரே கொண்டுவந்து கொடுத்தார். பெண்களுடன் பயணம் செய்வோர் இதனை முதற்காரியமாகக் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

மறுநாள் கடலூர் எல்லையில் காவலர் ஒருவர் கைகாட்டினார். புதுவையிலிருந்து மது கடத்துவோரைத் தேடுவது அவர் கடமை. பின்கதவைத் திறந்தவர் மெத்தையையும், அடுப்பையும், பலகையில் கட்டிவைத்த மாதா சுரூபத்தையும் மாறிமாறிப் பார்த்தார். "வீட்டைக் காலி பண்ணிட்டு வர்றீங்களா, ஐயா?" என்றார். சுற்றிப்பார்க்க வந்தோம் என்றதும் சிரித்துக்கொண்டே கதவைத் தாமே மூடி வழியனுப்பினார்.

எல்லை என்பது எவ்வாறு உண்டாகிறது என்பதற்குக் கடலூரைவிடச் சிறந்த சான்று இல்லை. 1690இல் ஆங்கிலேயர் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடும் பீரங்கிக் குண்டு எட்டும் நிலமெல்லாம் அவர்களுக்கே என்பது உடன்படிக்கை. நாற்புறமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்டவை 'குண்டு கிராமங்கள்' ஆயின. குண்டு உப்பலவாடி என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. குண்டு நான்கு முழம் தள்ளி விழுந்திருந்தால் வேறு அரசனின் குடியாகியிருக்கக்கூடிய உழவன் ஒருவன் அன்று தன் வயலில் நின்று அதனைப் பார்த்திருப்பான் அல்லவா!

தரங்கம்பாடியில் நடந்ததோ அமைதியான வணிகம். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்த ஒப்பந்தத்தால் டென்மார்க்குக்காரர் அங்கே கோட்டை கட்டினர். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். 1706இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய லுத்தரன் போதகர். அவர் 1718இல் கட்டிமுடித்த எருசலேம் ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. கடற்கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கடலுக்கு உடன்படிக்கை ஏதுமில்லை.

நண்டலாற்றுப் பாலம் ஏறும்போது என் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள்.

காரைக்காலை 1739இல் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். இந்தியா விடுதலை பெற்றபின்னும் ஏழாண்டுகள் அவர்கள் ஆட்சியே நீடித்தது. 1954 அக்டோபர் 18இல் கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. ஆயினும் சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நிறைவேறியது. எனவே 1955இல் காரைக்காலில் பிறந்த என் மனைவி, இந்திய ஆட்சியில் பிறந்தும் ஏட்டளவில் பிரெஞ்சு மண்ணில் பிறந்தவள்!

இணைப்பு உடன்படிக்கையில் ஒரு விதி இருந்தது. அங்கு பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடியினர் இந்தியராவர். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுவோர் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். அவளுடைய பெரியப்பா இந்தோசீனப் போரில் சைகோன் வரை சென்று திரும்பிய 'சொல்தா', ஓய்வூதியம் பெற்றவர். அவர் எழுதிக் கொடுத்தார். அவள் தந்தையார் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளை, எழுதிக் கொடுக்கவில்லை. ஒரே முற்றத்தில் ஒரே தாயின் கையால் உண்ட இருவர் வேறு வேறு நாட்டவர் ஆயினர். புதுவையிலும் காரைக்காலிலும் இவ்வாறு பிரிந்த குடும்பங்கள் பல.

1965இல் பாட்டி இறந்தபோது கல்லறைக் கல்லில் எந்த மொழி என்று அண்ணன் தம்பிக்குள் வாக்குவாதம் எழுந்ததாம். பாட்டிக்கு இரு மொழியிலும் கையெழுத்திடத் தெரியாது, கைநாட்டுத்தான். மூத்தவர் சொல் வென்றது. கல் பிரெஞ்சில் வெட்டப்பட்டது. 1968இல் பெரியப்பா குடும்பத்துடன் பிரான்சுக்குப் புறப்பட்டார். வழியனுப்பத் தம்பி செல்லவில்லை. பின்னர்க் கடிதங்கள் வந்தன, போயின. ஆனால் இருவரும் மறுபடி நேரில் காணவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் முக்கால் மணி நேரம் தேடினோம். 1989இல் மறைந்த அவள் தந்தையாரின் தமிழ்க் கல்லறை எளிதில் கிடைத்தது. அதற்கு இடப்புறம் பாட்டியுடையது இருக்கவேண்டும். அங்கே எருக்கஞ்செடியும் மண்மேடுமே தெரிந்தன. என் மனைவி அப்படியே அமர்ந்துவிட்டாள். காவலாளி மண்வெட்டி கொண்டுவந்து செடியை அகற்றினார். அரை அடி ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து எழுத்துகளை வெளிக்கொணர்ந்தோம். அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை.

கைப்பேசியில் அக்காவை அழைத்துக் கல்லைக் காட்டினாள். பாரிசில் அப்போது விடியற்காலை. அந்த அம்மையார் கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பிரெஞ்சில் படித்து, பிறகு தமிழில் சொன்னார். "இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டு" என்று இருமுறை கேட்டார். அடுத்து, "சித்தப்பா கல்லையும் காட்டு" என்றார். காட்டினோம். சிறிது நேரம் ஓசையில்லை. "எனக்குத் தமிழ் எழுத்து மறந்துபோச்சு, நீ வாசி" என்றார். இவள் வாசித்தாள். நான் சற்று அப்பால் போய் நின்றுகொண்டேன்.

காரைக்கால் நகரில் அன்று வேறொன்றும் பார்க்கவில்லை. காரைக்கால் அம்மையார் கோயில் தெரு வழியாகச் சென்றபோது, ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மக்கள் மாம்பழம் வீசுவதையும், சிறுமியாயிருந்தபோது தானும் தெருவில் ஓடிப் பொறுக்கியதையும் அவள் சொன்னாள். நாற்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் நான் கேட்டறியாத செய்தி அது.

வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். தர்காவின் ஐந்து மினார்களுள் உயர்ந்தது 131 அடி. எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். நாகப்பட்டினத்தைக் கடந்து நான்காம் நாள் மாலை வேளாங்கண்ணி சேர்ந்தோம். செப்டம்பர்த் திருவிழாவில் மனிதக் கடலாகும் இடம் அன்று காற்றோட்டமாயிருந்தது. 1962 நவம்பரில் திருத்தந்தை 23ஆம் யோவான் இதனைப் பசிலிக்காவாக உயர்த்தினார். காரைக்கால் சட்டப்படி இந்திய மண்ணான அதே ஆண்டு என்று அவள் கணக்கிட்டுச் சொன்னாள்.

கடற்கரைக்குச் செல்லும் வழியில் ஆழிப்பேரலை நினைவிடம் உள்ளது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கரையில் நின்ற திருப்பயணிகள் பலரைக் கடல் கொண்டுசென்றது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். பெயர் தெரியாமலே அடக்கப்பட்டோர் உண்டு. கல்லில் எந்த மொழி என்று வாக்குவாதம் செய்ய அவர்களுக்கு ஒருவரும் இல்லை. அங்கே ஒரு செபமாலை சொல்லிவிட்டு வேனுக்குத் திரும்பினோம்.

திரும்பும் வழியில் மறுபடி காரைக்காலில் நின்று, கல் தச்சர் ஒருவரிடம் பேசினோம். பாட்டியின் கல்லை மேலே தூக்கி வைக்கவேண்டும். பிரெஞ்சு வரிகளின் கீழே அதே செய்தியைத் தமிழில் வெட்டவேண்டும். செலவில் பாதி தன்னுடையது என்று பாரிசிலிருந்து அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்குள் முடித்துத் தருவதாகத் தச்சர் வாக்களித்திருக்கிறார். ஐப்பசி மழையில் கடலோரச் சாலை எப்படியிருக்குமோ தெரியாது. வேனுக்கு இரண்டு சக்கரங்கள் புதிதாக மாற்றவேண்டும்.