அஞ்சி ஒதுங்கினாரா?

2025 ரமளானின் கடைசிப் பத்து தொடங்கியிருந்த வேளையில் அமெரிக்காவிலிருந்து ஒரு மரணச் செய்தி வந்தது. ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் இருமுறை உலகச் சாம்பியனாக விளங்கிய ஜார்ஜ் ஃபோர்மன், மார்ச் 21 அன்று தமது 76ஆம் வயதில் காலமானார். புதுச்சேரி முல்லா வீதிப் பக்கம் தராவீஹ் தொழுகை முடிந்து தேநீருக்குக் கூடுபவர்கள் பேசாத பொருளே இல்லை. அவ்வாரம் எங்கள் குடும்பத்து ஆண்களிடையே ஒரு பழைய வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. மைக் டைசன், தாம் புகழின் உச்சியில் இருந்த காலத்தில், வயது முதிர்ந்து மீண்டும் களம் புகுந்த ஃபோர்மனோடு மோதாமல் அஞ்சி ஒதுங்கினாரா என்பதே அவ்வழக்கு.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் குத்துச்சண்டை பேசப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் முஹம்மது அலிதான். 1980இல் அவர் சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடினார். அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் அதில் கலந்துகொண்டார். அக்காலத்து இளைஞர்களுக்கு அலியின் பெயரோடு ஃபோர்மனின் பெயரும் மனப்பாடம். 1974 அக்டோபர் 30 அன்று, ஆப்பிரிக்க நகரமான கின்ஷாசாவில், எட்டாவது சுற்றில் அலியிடம் வீழ்ந்த சாம்பியன் அவர்தாம். 1977இல் களத்தை விட்டு விலகிய ஃபோர்மன் கிறிஸ்தவப் போதகரானார். பத்து ஆண்டுகள் கழித்து, 1987இல், தம் 38ஆம் வயதில் பருத்த உடலோடு மீண்டும் கையுறை அணிந்தார். அப்போது உலகச் சாம்பியன் டைசன். 1986இல் இருபதே வயதில் பட்டம் வென்று, எதிர்த்து நின்றோரையெல்லாம் நிமிடக் கணக்கில் சாய்த்துக்கொண்டிருந்தவர்.

"டைசன் பயந்தான், அதில் ஐயமே இல்லை" என்பது எங்கள் பெரியத்தாவின் தீர்ப்பு. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எங்கள் மைத்துனர் தேதிகளை முன்வைத்தார். தொடக்கத்தில் ஃபோர்மன் மோதியவர்கள் பெரும்பாலும் பெயரறியாதவர்கள். அவரை உலகம் பொருட்படுத்தத் தொடங்கியது, 1990 ஜனவரி 15 அன்று ஜெர்ரி கூனியை இரண்டாம் சுற்றிலேயே வீழ்த்திய பிறகுதான். அடுத்த 27ஆம் நாள், பிப்ரவரி 11 அன்று, டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் டைசன் பட்டத்தையே இழந்தார். சாம்பியனாக இருந்துகொண்டு ஃபோர்மனைத் தவிர்த்தார் என்றால், அதற்கு அவருக்குக் கிடைத்த காலம் அந்த 27 நாட்கள் மட்டுமே என்றார் மைத்துனர்.

பெரியத்தா விடவில்லை. 1990 ஜூன் 16 அன்று லாஸ் வேகாஸில் ஒரே அரங்கில், ஒரே இரவில் இருவரும் தனித்தனியே வேறு எதிராளிகளோடு மோதி வென்றார்கள். ஒரே கூரையின் கீழ் நின்றவர்களை ஒரே மேடையில் நிறுத்த ஏன் இயலவில்லை என்று கேட்டார். டைசனின் போட்டிகளை ஏற்பாடு செய்தவர் டான் கிங். ஃபோர்மனுக்கு பாப் ஆரம். இரு பெரும் முதலாளிகளுக்கிடையே பணம், ஒளிபரப்பு, ஒப்பந்தம் என ஆயிரம் தடைகள் இருந்திருக்கலாம் என்பது மறுதரப்பு. 1991 ஏப்ரலில் ஃபோர்மன், அப்போதைய சாம்பியன் எவாண்டர் ஹோலிஃபீல்டோடு பன்னிரண்டு சுற்றும் நின்று, புள்ளிகளில் மட்டுமே தோற்றார். 1992இல் பாலியல் வன்கொடுமை வழக்கில் டைசன் சிறை சென்றார். 1994 நவம்பர் 5 அன்று ஃபோர்மன் தம் 45ஆம் வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி மீண்டும் உலகச் சாம்பியனானார். டைசன் வெளியே வந்தது 1995இல். ஆக, அந்த மோதல் நிகழவே இல்லை.

இளைஞர் ஒருவர் வேறொரு கோணத்தில் பேசினார். டைசன் சிறையில் இஸ்லாத்தை ஏற்றவர். இன்று நம் சகோதரர். சகோதரரைக் கோழை என்று பேசலாமா என்றார். அந்த வாதத்தை எங்களால் ஏற்க இயலவில்லை. ஒருவர் நம்மவர் என்பதற்காக அவர் தரப்பில் சாய்வது நீதியன்று. அவருடைய குற்றத்தை மறைக்கவும் நமக்கு உரிமையில்லை. ஆயினும் அவ்விளைஞரின் கேள்வியில் ஓர் உண்மை இருந்தது. "பயந்தான்" என்று சொல்லும்போது நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்? போட்டியைப் பற்றியா, ஒரு மனிதனின் நெஞ்சைப் பற்றியா?

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுவது நலம். குத்துச்சண்டையை விளையாட்டாக ஏற்கலாமா என்பதே மார்க்க அறிஞர்களிடையே பேசப்பட்ட பொருள். முகத்தில் அடிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அதனடிப்படையில், 1987இல் மக்காவில் கூடிய ராபித்தாவின் ஃபிக்ஹ் பேரவை, இன்று நடைபெறும் முறையிலான குத்துச்சண்டை ஆகுமானதன்று என்று தீர்மானித்தது. அச்சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். எங்கள் கவலை விளையாட்டைப் பற்றியதன்று. அதைப் பற்றிப் பேசும் நாவைப் பற்றியது.

காலம் செய்த வேடிக்கையைக் கவனியுங்கள். டைசன் தம்மைத் தவிர்த்தார் என்று யாருக்காக உலகம் வழக்காடியதோ, அந்த ஃபோர்மன் மீதே சில ஆண்டுகளில் அதே பழி விழுந்தது. 1995இல் முறைப்படி தமக்கு எதிரே நிறுத்தப்பட்ட டோனி டக்கரோடு மோத மறுத்ததால் ஒரு பட்டம் அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆக்ஸல் ஷுல்ஸோடு மறுமோதலுக்கு இணங்காமல் மற்றொன்றையும் இழந்தார். அலியின் எதிரே நின்றவரை, 45 வயதில் மூரரின் குத்துகளை ஒன்பது சுற்றுகள் தாங்கிப் பத்தாவது சுற்றில் அவரைச் சாய்த்தவரை, அச்சமுடையவர் என்று சொல்ல நமக்கு நா எழுமா? ஒதுங்கியதற்கு அச்சம் ஒன்றே காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களின் நிகழ்வு நம் பிள்ளைகள் மதரஸாவில் கேட்டதுதான். போர்க்களத்தில் எதிரி ஒருவர் வாளுக்கு முன்னே கலிமாவை மொழிந்தார். உயிருக்கு அஞ்சிச் சொல்கிறார் என்று கருதிய உஸாமா (ரலி) அவரை வெட்டிவிட்டார். செய்தியறிந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அச்சத்தால் சொன்னாரா இல்லையா என்பதை அறிய அவருடைய நெஞ்சைத் திறந்து பார்த்தீரா என்னும் கருத்துப்படக் கடிந்து கேட்டார்கள். அன்றைய நாளுக்குப் பிறகே தாம் இஸ்லாத்துக்கு வந்திருக்கக் கூடாதா என உஸாமா (ரலி) வருந்தும் அளவுக்கு அக்கேள்வி திரும்பத் திரும்ப வந்தது.

இந்நிகழ்வைப் படிக்கும்போது, கொல்லப்பட்டவர் கலிமா மொழிந்தவர் என்பதில் நம் கவனம் நின்றுவிடுகிறது. உஸாமா (ரலி) அவர்களின் தவறு எச்சொல்லில் தொடங்கிற்று என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். "அவர் அஞ்சினார்" என்பதே அச்சொல். எதிரே வாளோடு நிற்கும்போது அச்சம் என்று எண்ணுவது எத்தனை இயல்பானது! அப்படிப்பட்ட இடத்திலேயே நெஞ்சைப் பற்றித் தீர்ப்புக் கூற ஒரு நபித்தோழருக்கு உரிமை கொடுக்கப்படவில்லை. கடல் கடந்து, முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, தேநீர்க் கோப்பையோடு நிற்கும் நமக்கு அவ்வுரிமை எங்கிருந்து வந்தது? ஐயங்களில் பலவற்றை விட்டு விலகுமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. புறம் பேசுவதையும் அதே வசனம்தான் தடுக்கிறது.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு அநீதியைப் பார்த்திருக்க வேண்டுமா? இல்லை. இதற்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது.

தெலங்கானாவின் நிஜாமாபாத்தைச் சேர்ந்தவர் நிகத் ஸரீன். 2011இல் உலக ஜூனியர் சாம்பியனானவர். 2019இல் அவருக்கு வயது 23. அவர் போட்டியிட்ட 51 கிலோ பிரிவில் அப்போது நாட்டின் முதல் வீராங்கனை, ஆறு முறை உலகச் சாம்பியனான மேரி கோம். ஆகஸ்டில் உலகப் போட்டிக்கான தேர்வு மோதல் நடைபெறாமலேயே மேரி கோம் அனுப்பப்பட்டார். அக்டோபரில் அவர் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார். அடுத்து ஒலிம்பிக் தகுதிச் சுற்றுக்கும் தேர்வு மோதலின்றி அவரையே அனுப்பக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு முனைந்தது. மூத்தவர் இளையவரைக் கண்டு அஞ்சுகிறார் என்று நாட்டில் பலர் பேசத் தொடங்கினர்.

நிகத் என்ன செய்தார்? விளையாட்டுத் துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். தமக்கு வெற்றியைத் தாருங்கள் என்று கேட்கவில்லை. நியாயமான ஒரு வாய்ப்பைத் தாருங்கள் என்று கேட்டார். எத்தனை பெரிய சாம்பியனாயினும் ஒவ்வொரு முறையும் தகுதியை நிறுவ வேண்டும் என்பதற்கு நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸை எடுத்துக்காட்டினார். இறுதியில் 2019 டிசம்பர் 28 அன்று புது தில்லியில் தேர்வு மோதல் நடந்தது. மேரி கோம் 9–1 என்ற கணக்கில் வென்றார்.

அந்த ஒரு மோதல் இரண்டு உண்மைகளை ஒருங்கே நிறுவிற்று. மேரி கோம் அஞ்சினார் என்று பேசியவர்கள் அந்த 9–1ஐப் பார்த்த பிறகு சொல்வதற்கு ஒன்றுமில்லை. நிகத் தோற்றார், ஆயினும் அவர் கேட்டது நியாயமே என்பதில் மாற்றமில்லை. அச்சம் இருந்ததா என்பது ஒரு கேள்வி. வாய்ப்பு மறுக்கப்பட்டதா என்பது வேறொரு கேள்வி. முதலாவது அல்லாஹ் ஒருவனே அறிந்தது. இரண்டாவது நம் கண்முன் இருப்பது. அதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு, சிலவேளை கடமையும் உண்டு. மோதல் முடிந்த பின் அன்று கைகுலுக்கல் நிகழவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. அது அவ்விருவருக்கும் இடைப்பட்டது. நாம் நீட்ட வேண்டிய பேச்சன்று. நிகத் ஸரீன் 2022இல் இஸ்தான்புல்லிலும், 2023இல் புது தில்லியிலும் உலகச் சாம்பியனானார். கசப்பைச் சுமந்துகொண்டு நிற்காமல் அவர் பயிற்சிக்குத் திரும்பினார் என்பது நமக்குப் போதும்.

ஐயப்படாதீர் என்ற கட்டளை பார்ப்பவர்களுக்கு மட்டும் உரியதன்று. பொறுப்பில் இருப்போருக்கும் ஒரு பங்கு உண்டு. ரமளானின் இதே கடைசிப் பத்தில், இஃதிகாஃபில் இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரவில் தம் துணைவியார் ஸஃபிய்யா (ரலி) அவர்களோடு சில அடிகள் வந்தபோது, அன்ஸாரிகள் இருவர் விரைந்து கடந்து சென்றார்கள். அவர்களை நிறுத்தி, உடன் இருப்பவர் யார் என்பதை நபியவர்கள் தாமே தெளிவாக்கினார்கள். ஐயத்துக்கே இடமில்லாத ஒரு மாமனிதர் ஐயத்தின் வாசலை அடைத்தார்கள் என்றால், பதவியில் இருக்கும் நாம் எத்தனை மடங்கு அடைக்க வேண்டும்! அன்று கூட்டமைப்பு முதலிலேயே தேர்வு மோதலை நடத்தியிருந்தால் மூத்த வீராங்கனையின் பெயரும் காக்கப்பட்டிருக்கும்.

இப்பாடம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. எங்கள் தங்கையின் மகள் கைப்பந்து ஆடுகிறாள். சென்ற ஆண்டு அவளுடைய பள்ளியில் தேர்வு ஏதும் வைக்காமலேயே அணியின் பெயர்ப் பட்டியல் ஒட்டப்பட்டது. அதில் அவள் பெயர் இல்லை. வீட்டில் பேச்சு எழுந்தது. முக்காடு அணிந்த பிள்ளை என்பதால்தான் ஒதுக்கிவிட்டார்கள் என்றார் பெரியத்தா. அப்படி நடப்பதே இல்லை என்று எங்களால் சொல்ல முடியாது. நாட்டு நடப்பை நாமும் அறிவோம். ஆனால் அந்த ஆசிரியரின் நெஞ்சில் அது இருந்தது என்பதற்கு எங்களிடம் சான்று இல்லை. நீண்ட பேச்சுக்குப் பின், அவளே தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினாள். எவர் மீதும் குற்றம் சொல்லவில்லை. எல்லாரையும் ஆடவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்குமாறு மட்டும் கேட்டாள்.

பள்ளி இசைந்தது. இரண்டு மாலைகள் தேர்வு ஆட்டம் நடந்தது. அவள் பெயர் அப்போதும் வரவில்லை. பெரியத்தா இன்றும் முகம் சுளிக்கிறார். அவருடைய வேதனை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணிடம் இப்போது வேறொரு பேச்சு இருக்கிறது. பந்தை எடுத்துக் கொடுப்பதில் தான் எங்கே பின்தங்குகிறாள் என்பதை அவள் கண்டுகொண்டாள். அந்த ஆசிரியருக்கு ஸலாம் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கும் நிலை அவளுக்கு இல்லை. தேர்வு வைக்கச் சொல்லிக் கேட்டிராவிட்டால், தான் ஒதுக்கப்பட்டவள் என்ற எண்ணத்தை வாழ்நாள் முழுதும் சுமந்திருப்பாள். அது உண்மையா பொய்யா என்பதை அறியாமலேயே சுமந்திருப்பாள்.

நம் மஹல்லாக்களில் இப்படிப்பட்ட வழக்குகள் எத்தனை! பாகப்பிரிவினைப் பேச்சுக்கு அண்ணன் வரவில்லை என்றால் "கணக்குக் கேட்பார்கள் என்று பயந்துவிட்டார்" என்கிறோம். பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வராவிட்டால் அதற்கும் ஒரு காரணம் கற்பித்துவிடுகிறோம். அவர் நோயுற்றிருக்கலாம், கடனில் இருக்கலாம், சொல்ல இயலாத துயரம் ஒன்று அவர் வீட்டில் இருக்கலாம். நமக்குத் தேவை அவர் பேச்சுக்கு வருவது என்றால், அதற்கு நாளும் இடமும் குறித்து, நடுவர்களை வைத்து, அழைத்துக் கேட்கலாம். நியாயத்தைக் கேட்பதற்கு அவரைக் கோழை என்றோ கள்ளன் என்றோ சொல்ல வேண்டிய தேவையில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் அவர் வருவதற்கு இருந்த வழியையும் நாமே அடைத்துவிடுகிறோம்.

டைசனும் ஃபோர்மனும் இனி மோதப்போவதில்லை. ஒருவர் மறைந்துவிட்டார், மற்றவருக்கும் அறுபது நெருங்கிவிட்டது. அவ்வழக்கு தீராது, தீர வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் நம் வீடுகளில், தெருக்களில் தீர்க்கக்கூடிய வழக்குகள் நிறைய இருக்கின்றன. நெஞ்சங்களில் உள்ளதை அவற்றைப் படைத்தவனிடம் விட்டுவிட்டு, நம் கைக்கு எட்டும் நியாயத்தைக் கேட்கவும், பிறர் கேட்கும்போது தயங்காமல் வழங்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.