ஐயமும் யாமும்

தூய்மையை வழிபாட்டின் வாயிலாக வைத்துப் போற்றும் சமுதாயம் நம்முடையது. ஒளு இன்றித் தொழுகை இல்லை. ஆதலால் ஒருவன் கைகால் கழுவுவதில் சற்று மிகுதியாகக் கருத்துச் செலுத்தினால் அதனைப் பேணுதல் என்று பாராட்டுவோமேயன்றி நோயென்று எண்ணமாட்டோம். எம் நோய் ஐந்தாண்டுக் காலம் அப்பாராட்டின் நிழலிலேயே வளர்ந்தது.

மருத்துவர் அதனை எண்ணச் சுழற்சி நோய் என்பர். ஓ.சி.டி. என்றால் மாணவச் செல்வங்களுக்கு எளிதில் விளங்கும். மேசையை ஒழுங்காக அடுக்கி வைப்பவரையெல்லாம் அப்பெயரால் கேலி செய்வது இக்கால வழக்கம். அடுக்கி வைப்பவர் அதில் மகிழ்கிறார்; நோயாளிக்கு அம்மகிழ்ச்சி வாய்ப்பதில்லை. வேண்டாத ஓர் எண்ணம் வந்து நெஞ்சைக் குத்தும். அவ்வச்சம் தணிய ஒரு செயலைச் செய்தே ஆகவேண்டும் எனத் தோன்றும். செய்தால் சிறிது ஆறும். ஆறிய சுவடு மறையுமுன் அதே எண்ணம் மீண்டும் வந்து நிற்கும்.

எமக்கு அது ஒளுவில் வந்தது. முழங்கையில் நீர் பட்டதா? கால்விரல் இடுக்கில் உலர்ந்த இடம் உள்ளதா? ஹவுளின் படியில் முக்கால் மணி நேரம் அமர்ந்திருப்போம். உள்ளே ஜமாஅத் முடிந்து மக்கள் வெளியே வரும்போதும் இடக்காலைக் கழுவிக்கொண்டிருப்போம். புறங்கைத் தோல் வெடித்துக் குருதி கசிந்தது. வடிந்தோடும் குருதி ஒளுவை முறிக்கும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். கழுவியதால் வந்த குருதிக்காக மறுபடியும் கழுவத் தொடங்கினோம்!

பெரியோர் சிலர், ஈமான் தளர்ந்ததே காரணம் என்றனர். அன்பினால் சொன்ன சொல்தான். ஆயினும் நோய் இரவெல்லாம் எம் காதில் ஓதிய குற்றச்சாட்டும் அதுவே. இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல்கு நகரத்து அறிஞர் அபூ ஸைது அல்பல்கீ (850–934) உடல்நலத்தையும் உளநலத்தையும் ஒருசேர ஆராய்ந்து எழுதிய நூலில், மனத்தை விடாது துன்புறுத்தும் வஸ்வாசுக்கு ஓர் இயலையே ஒதுக்கினார். அதனை அவர் மருந்தும் பயிற்சியும் வேண்டும் துன்பமாகவே கண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் ஒருவருக்குத் தெரிந்திருந்தது நம் தெருக்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஹஜ்ரத் ஒருவரிடம் சென்றோம். உறுதியானது ஐயத்தால் நீங்காது என்னும் சட்ட விதியை அவர் விளக்கினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 'முத்' என்னும் அளவு நீரால், அதாவது இரு கைகளும் சேர்ந்து அள்ளும் அளவு நீரால், ஒளுச் செய்ததை நினைவூட்டினார். அவையெல்லாம் யாம் முன்பே படித்தவை. அறிவுக் குறையால் வந்த நோயன்று அது. ஹஜ்ரத்தும் அதனை உணர்ந்தார் போலும்; மருத்துவரைப் பார்க்கும்படி அவரே வற்புறுத்தினார்.

மருத்துவர் மாத்திரை எழுதினார். பயன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம் என்றார். உடன் ஒரு பயிற்சியும் தந்தார். 1966-இல் விக்டர் மேயர் என்பார் லண்டனிலிருந்து எழுதிய கட்டுரை ஒன்றில் வேர்கொண்ட முறை அது. அஞ்சுவதை நேர்கொண்டு நிற்க வேண்டும். அச்சத்தைத் தணிக்கும் செயலைச் செய்யலாகாது. எமக்கு வாய்த்தது ஒரு செம்புத் தண்ணீர். அதற்குள் ஒளுவை முடித்துத் திரும்பிப் பாராமல் தொழச் செல்ல வேண்டும்.

"சுத்தமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு செல்லட்டுமா?" என வினவினோம்.

"வேண்டாம். ஆகாமலும் இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டே செல்லுங்கள்" என்றார்.

தன்னை ஏற்றல் என்றால் தன்னைப் பாராட்டிக்கொள்வது என்றே அதுவரை கருதியிருந்தோம். அவர் கேட்டதோ வேறு. ஐயம் தீர்ந்த ஒரு மனிதன் இனி வருவான், அவன் வந்தபின் தொழலாம், அவன் வந்தபின் படிக்கலாம், மணம் புரியலாம் என்று எம்மை யாமே வாயிலில் நிறுத்தி வைத்திருந்தோம். அவனுக்காகக் காத்திராமல், ஐயமுள்ள இவனையே உள்ளே அழைக்கச் சொன்னார்.

வீட்டில் உம்மாவின் பாடு பெரும்பாடு. "சுத்தமா உம்மா?" என்று நாளொன்றுக்கு நாற்பது முறை கேட்போம். "சுத்தமாயிடுச்சு வாப்பா" என்று அவர்களும் நாற்பது முறை சொல்வார்கள். அவ்விடையே நோய்க்குத் தீனி என்று மருத்துவர் கூறியபோது உம்மா அழுதுவிட்டார்கள். பின்னர் ஒருநாள் நடுங்கும் குரலில், "எனக்குத் தெரியல வாப்பா, நீ தொழப் போ" என்றார்கள். அதைவிடக் கடினமான அன்பை யாம் கண்டதில்லை. அன்று தக்பீர் கட்டிய பின்னும் நெஞ்சு அரை மணி நேரம் படபடத்தது. பிறகு, எச்செயலும் செய்யாமலேயே, தானாக அடங்கிற்று.

நலம் பெறத் தொடங்கியபின் நோய் வேறு உடை உடுத்தி வந்தது. உண்மையாகவே குணமாகிவிட்டோமா? எம்மைச் சரியாக ஏற்றுக்கொண்டோமா? இதனைச் சொன்னபோது மருத்துவர் சிரித்துவிட்டார். அதற்கும் அதே மருந்துதான்: சரியாக ஏற்காமலும் இருக்கலாம். கை தானாகக் குழாயைத் தேடும் நாள்கள் இன்றும் உண்டு, பெரும்பாலும் தேர்வு, மணம், மய்யித்து போன்ற பரபரப்பின்போது. அந்நாள்களையும் எம் நாள்களாகவே எண்ணிக் கழித்துவிடுகிறோம்.

சென்ற ரமலானில் பள்ளிவாசலில் ஓர் இளைஞர் நெடுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார். போதும் என்று அவரிடம் சொல்லவில்லை. அச்சொல்லின் பயனின்மையை யாம் அறிவோம். அருகில் அமர்ந்து, வெடித்து ஆறிய தழும்பு இன்னும் தெரியும் எம் புறங்கையைக் காட்டினோம். சிறிது நேரம் அதனையே பார்த்தார். பின்பு மருத்துவரின் முகவரி கேட்டார்.