முரசைப் பார்க்கப் பழகியது

புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் தொழில் பழகச் சேர்ந்தபோது, வாய்ப்புண் எல்லாம் ஒரே வகைதான் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கற்றுத்தந்த டிஸ்பென்சர் ஐயா கண்டிப்பானவர். பிள்ளையின் வாயை முழுதாகப் பார்க்காமல் மருந்துப் போத்தலில் கைவைக்க விடமாட்டார்.

அந்த வாயைத் திறப்பதே எனக்குப் பெரும்பாடு. காய்ச்சலோடு எச்சில் வடிய வரும் ஒன்றரை வயதுப் பிள்ளை டோர்ச்சைக் கண்டதும் பல்லை இறுகக் கடித்துக்கொள்ளும். நான் முன்பற்களோடு போராடுவேன். பிள்ளை வீரிட்டு அழும். தாய் இழுத்து அணைத்துக்கொள்வார். ஐயா என்னை விலக்கவில்லை. தாயையும் என்னையும் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்காரவைத்தார். தாயின் மடியில் அவர் முகம் பார்த்திருந்த பிள்ளையை மெல்லச் சாய்த்துத் தலையை என் மடியில் வைத்தார். "கன்னத்தின் உட்பக்கமா விரலைக் கொண்டுபோ மகள். கடைசிப் பல்லுக்குப் பின்னால அழுத்து" என்றார். பல் இல்லாத அந்த மெத்தென்ற இடத்தில் விரல் பட்டதும் தாடை தானாகத் திறந்தது. ஆனால் தேடாமலே அந்த இடம் விரலுக்கு அகப்பட வெகுகாலம் பிடித்தது.

வாய் திறந்த பிறகும் என் கண் புண்ணைவிட்டு அகலாது. நாக்கில் மஞ்சள் படிந்திருந்தால் துணியால் துடைக்கப் போவேன். ஐயா மணிக்கட்டைப் பிடித்துவிடுவார். பூஞ்சணப் படலம் தயிராடைபோல வழித்தால் வரும். இந்த மஞ்சளோ புண்ணின் அடித்தளம், வழித்தால் இரத்தமும் வேதனையும்தான். "முரசைப் பார்" என்பார். ஹேர்பீஸ் வைரஸ் முதன்முறை வாயில் தொற்றும்போது பல் முரசு சிவந்து வீங்கி, தொட்டாலே கசியும். சின்னஞ்சிறு கொப்புளங்கள் உடைந்து, ஒன்றோடொன்று கூடிக் கோணல்மாணலான புண்களாகும். முரசிலும் மேலண்ணத்திலும்கூட அவை வரும். வழக்கமான வாய்ப்புண் கன்னம், உதடு ஆகியவற்றின் உட்புறத்து அசையும் சதையில்தான் வரும், காய்ச்சலும் இராது. முரசு நன்றாயிருந்து தொண்டைப் பக்கம் மட்டும் புண் என்றால், உள்ளங்கையையும் பாதத்தையும் பார்க்கச் சொல்வார். அது வேறு வைரஸாக இருக்கலாம்.

தாடைக்குக் கீழே கட்டியிருக்கும் நெறியும் எனக்கு வசப்படவில்லை. அழுத்தி அழுத்தித் தேடினேன். "அழுத்தாதே, உருட்டு" என்றார். விரல் நுனியை இலேசாக உருட்டியபோது தோலுக்கடியில் ஒன்று வழுக்கி நகர்ந்தது. பிள்ளை முகம் சுளித்தது.

எல்லாவற்றிலும் கடினம், நோய் தொடங்கிய நாளைக் கண்டுபிடிப்பது. விடியப் பெரட்டுக்குப் போய் மாலையில் லயத்துக்குத் திரும்பும் தாய்க்கு, பகலில் பிள்ளைக்காம்பராவில் இருக்கும் பிள்ளை சாப்பிடாமல் விட்டது தெரியாது. "பிள்ளைக்காம்பரா அக்காகிட்ட கேளு" என்றார் ஐயா. "பல்லு முளைக்குதுன்னு நினைச்சேன், முந்தாநாளே பால் குடிக்கல" என்பார் அந்த அக்கா. அந்த ஒரு சொல்லில் சிகிச்சையே மாறும். அசைக்ளோவிர் பாணியை முதல் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் காய்ச்சலும் புண்ணும் சீக்கிரம் அடங்கும். பிந்தினால் பலன் குறைவு. ஆகவே நோய் தொடங்கிய நாளை எழுதி, கரவனெல்ல ஆதார வைத்தியசாலைக்கு உடனே அனுப்புவார். பிந்தி வந்தவர்களுக்கு எடைக்கேற்ற பனடோல், ஆறவைத்த கஞ்சி, கரண்டி கரண்டியாகத் தண்ணீர். சிறுநீர் குறைந்த பிள்ளையை எந்த நாளானாலும் அனுப்பிவிடுவார். அன்டிபயோட்டிக் கேட்கும் தகப்பனிடம், வைரஸுக்கு அது வேலை செய்யாது என்று உட்காரவைத்துச் சொல்வார். பெரும்பாலும் 10 முதல் 14 நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும்.

ஒருநாள் நான் பார்த்துச் சொன்னதை ஐயா மறுபடி டோர்ச் அடித்துப் பார்க்காமல், அப்படியே கொப்பியில் எழுதினார். எனக்கு அது போதும்.

ஆறிய பிறகும் வைரஸ் நரம்புக்குள் தங்கியிருக்கும். வெயிலிலோ காய்ச்சலிலோ உதட்டில் கொப்புளமாகத் திரும்பலாம். பிறந்த குழந்தைக்கு அது தொற்றினால் உயிருக்கே ஆபத்து. உதட்டில் கொப்புளம் இருக்கும்போது, பாட்டியானாலும் மாமாவானாலும், தயவுசெய்து பச்சைக் குழந்தையை முத்தமிடாதீர்கள்.